பதினெட்டை முப்பதென்று சொன்ன மீட்டர்

அத்தியாயம் 6

முத்துமணி சமோசாவின் மூன்றாவது மூலையைக் கடிக்கப் போன நேரத்தில் கவிப்ரியா மாடிப்படி ஏறி வந்தாள். ஏறி வந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அபர்டீன் பஜார் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் பதினான்கு படிகளையும் மிதித்துக்கொண்டு வந்தாள். கீழே கடையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்கள் படிக்கு ஒரு தடவை முனகின.

"விசாரணைய முன்னாடி தள்ளிட்டாங்க அக்கா! அடுத்த வாரம் இல்லையாம், இன்னிக்கேவாம். மூணு மணிக்கு, அவர் ஓட்டுற போட்டுலயே வெச்சு!"

வைஜெயந்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே கால். இருபத்திரண்டு வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துவிட்டுத் துப்பறிய வந்தவள் அவள். பதற்றப்படுகிறவர்களைப் பார்த்தால், சூடு தணியட்டும் என்று ஒதுக்கி வைத்த டிவியைப் பார்ப்பது போலவே பார்ப்பாள்.

"உட்காரு கவிப்ரியா. முத்து, அவளுக்கு ஒரு சமோசா குடு."

"ஒண்ணுதான் இருக்கு அக்கா. அதுலயும் மூணாவது மூலைதான் இருக்கு."

கவிப்ரியா உட்காரவில்லை. உட்கார்ந்து பேசும் விஷயமும் இல்லை. அவள் புருஷன் ராஜவேல், 'நீலவேணி' என்ற சுற்றுலாப் படகின் செராங். அதாவது சக்கரம் பிடித்துப் படகைச் செலுத்துகிறவன். ஆறு நாளைக்கு முன், விஜயதசமியன்று காலை முதல் ட்ரிப்பில், முப்பத்திரண்டு பயணிகளுக்குத் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிய நீலவேணி, ஜெட்டியை, அதாவது படகுத்துறை மேடையை, ஒட்டி நிற்பதற்குப் பதில் முட்டி நின்றது. ஜெட்டியின் நுனியில் அந்த நேரம் பட்டு வேட்டியோடு ஒற்றைக்காலில் நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்த மதுரை மாப்பிள்ளை ஒருவர், மாலையோடு கடலுக்குள் போனார். உடனே தூக்கிவிட்டார்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் விழுந்ததையும், புதுப்பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் கடல் தாண்டி மெயின்லேண்டில் நாலு லட்சம் பேர் போனில் பார்த்துவிட்டார்கள்.

படகின் முதலாளி ஜெகநாதன் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்: செராங் குடித்திருந்தான். அது நிரூபணமானால் ராஜவேலின் லைசென்ஸ் போகும். அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

"மோர் கொஞ்சம் புளிச்சிருந்தாலே தொட மாட்டார் அக்கா. அவரைப் போயி குடிகாரன்னு எழுதிட்டாங்க. அந்த மனுஷனும் வாயத் தொறக்க மாட்டேங்குறார். 'என் தப்பு, என் தப்பு'ன்னு செவுத்தப் பார்த்துப் படுத்துக்கிறார். ஆயுத பூஜை சாயங்காலம் வரைக்கும் போட்டு நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் காலைல இப்படி ஆகுதுன்னா, எவனோ எதையோ செஞ்சிருக்கான். எந்தக் கை அதைச் செஞ்சுச்சோ, அந்தக் கை சோத்துல படும்போதெல்லாம் சோறு கல்லாகணும்!"

சொன்ன வேகத்தில் போனை மேஜைமேல் அறைந்தாள். போனின் உறை சற்றே பிளந்து, உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் துணுக்கு மேஜையில் விழுந்தது. முத்துமணியின் கை தன்னிச்சையாக நீண்டது.

"தொடாத முத்து."

"மஞ்சளா இருந்துச்சு அக்கா. சமோசாவோடதுன்னு நெனச்சேன்."

வைஜெயந்தி அந்தத் துணுக்கை விரல்நுனியில் ஒற்றி எடுத்தாள், மோந்து பார்த்தாள், ஒரு காகிதத்தில் மடித்தாள். அப்புறம் கவிப்ரியாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை முத்துமணிக்குத் தெரியும். புடவைக்கடையில் பதினோரு வருஷம் நின்றவன் அவன். எடுத்த புடவையின் முந்தானையில் கறை இருக்கிறதென்று வாடிக்கையாளரிடம் சொல்லலாமா, பில் போட்ட பிறகு சொல்லலாமா என்று யோசிக்கும் முதலாளியின் பார்வை அது.

"மூணு மணிக்கு நீயும் போட்டுக்கு வந்துடு. அதுவரைக்கும் யாரையும் திட்டாத."

"திட்டாம எப்படி அக்கா இருக்கிறது?"

"கஷ்டம்தான். முயற்சி பண்ணு."

ஜெட்டியில் நீலவேணி மூக்கில் ஒரு வளைசலோடு கட்டிக்கிடந்தது. படகு முழுக்க ஆயுத பூஜையின் மிச்சம். நங்கூரத்தில் சந்தனப் பொட்டு, எஞ்சினில் பொட்டு, உயிர்காக்கும் வளையங்கள் பன்னிரண்டிலும் பொட்டு, பிஸ்கட் டின்னில் பொட்டு. கக்கூஸ் கதவில் மட்டும் சற்றுப் பெரியதாக, குங்குமத்தோடு.

"அதுக்கு மட்டும் ஏன் அக்கா விசேஷ மரியாதை?"

"அலை அதிகமா இருக்கிற அன்னிக்கு வந்து பாரு, தெரியும்."

தற்காலிக செராங்காகச் சுதாகர் காவல் இருந்தான். ஜெகநாதனின் அக்கா மகன். வயது இருபத்தெட்டு, மூக்கில் கூலிங் கிளாஸ். ராஜவேலின் இடம் காலியானால் அது யாருக்கு என்று கேட்டால் ஜெட்டியில் மீன் அரிகிற கத்திகூடச் சொல்லும்.

"க்யா ஹுவா அக்கா? அதான் குடிச்சிருந்தார்னு பைசலாயிடுச்சே?"

"பைசல் மூணு மணிக்கு. இப்ப சுக்கான் ரூமைத் தொறந்து காட்டு."

படகின் பின்பக்கம் பலகையைத் தூக்கினால் ஆள் குனிந்து இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம். நடுவில், தண்ணீருக்குள் இருக்கும் சுக்கானோடு சேர்ந்து திரும்பும் இரும்புத் தண்டு. அதன் உச்சியில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சுக்கான் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பதை அளந்து, மேலே சக்கரத்துக்கு எதிரே இருக்கும் மீட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. இந்த மாதிரிப் படகில் சக்கரத்தைப் பார்த்து சுக்கான் எங்கே நிற்கிறதென்று சொல்ல முடியாது. மீட்டர்தான் கண். அந்தக் கண் ஒழுங்காக இருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

முத்துமணி பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். பெட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தான். கறுப்பாக, வட்டமாக, முறுக்கு அளவில் ஒரு காந்தம்.

"அக்கா! கேஸ் முடிஞ்சுது! ஸ்பீக்கர்ல இருக்கிற மேக்னெட்டு. மீட்டரை ஏமாத்த எவனோ வெச்சிருக்கான்!"

எவனோ என்று சொல்லும்போதே திரும்பிப் பார்த்தான். சுதாகரின் கூலிங் கிளாஸ் வியர்வையில் வழுக்கிக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"நான் வெக்கல."

"நீ வெச்சேன்னு யாரும் சொல்லலியே."

"நான் எங்க வீட்டு ஸ்பீக்கரை உடைக்கவே இல்ல."

பொய் சொல்லத் தெரியாதவன் முதல் வார்த்தையிலேயே கடைசி விலையைச் சொல்லிவிடுவான். முத்துமணி பேரம் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. வைஜெயந்தி வெறுமனே புருவத்தைத் தூக்கினாள். சுதாகர் பலகையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஊர்ல எங்க சித்தப்பா கரண்ட் மீட்டர்ல மேக்னெட்டு வெச்சுதான் மூணு வருஷம் ஓட்டுனாரு அக்கா. அந்த ஞாபகத்துல வெச்சேன். மீட்டர் கொஞ்சம் தப்பாக் காட்டுச்சுன்னா, ராஜவேல் அண்ணன் நாலு திட்டு வாங்குவாரு, மாமா என்னை நிறுத்துவாருன்னு நெனச்சேன். இப்படி மாப்பிள்ளை கடல்ல விழுவாருன்னு சத்தியமா நெனைக்கல. ஆறு நாளா தூக்கமே இல்ல. கண்ண மூடுனா அந்தப் பட்டு வேட்டிதான் மெதந்துக்கிட்டு வருது."

"இந்த கூலிங் கிளாஸ் எதுக்குன்னு இப்பப் புரியுது" என்றான் முத்துமணி. "வாங்கக்கா, இவனைக் கூட்டிட்டுப் போயி..."

"இரு. முதல்ல அந்த மேக்னெட்டைப் பழைய இடத்துலயே ஒட்டு."

"அக்கா?"

"ஒட்டு முத்து."

அவள் பையிலிருந்து பள்ளிக்கூடத்து ஜியோமெட்ரி பாக்ஸ் ஒன்று வெளியே வந்தது. அதிலிருந்து ஒரு பாகைமானி. அதைச் சுக்கான் தண்டுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, முத்துமணியை மேலே சக்கரத்துக்கு அனுப்பினாள்.

"வலது பக்கம் திருப்பு! நிறுத்து! இங்க பதினெட்டு. மீட்டர்ல எவ்ளோ?"

"பதினெட்டு!"

"இன்னும் திருப்பு! இங்க முப்பது!"

"இங்கயும் முப்பது!"

காந்தத்தை எடுத்துவிட்டு மறுபடி. பதினெட்டுக்குப் பதினெட்டு, முப்பதுக்கு முப்பது. காந்தத்தைப் பெட்டியின் மேலே வைத்து, பக்கத்தில் வைத்து, தலைகீழாக வைத்து. மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை.

முத்துமணி மேலிருந்து இறங்கி வந்தபோது சுதாகரின் முகத்தில் நிம்மதியும் அவமானமும் ஒரே சட்டைக்கு அடித்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமே ஆகலியா?"

"ஒரு டிகிரிகூட ஆகலப்பா."

"புது ஸ்பீக்கர் அக்கா அது!"

வைஜெயந்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூடி இல்லை, திறந்தே கிடந்தது. அவள் முகம் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி மலர்ந்தது.

"இதைப் பாரு முத்து. பழைய ரேடியோவுல ஸ்டேஷன் மாத்துறப்ப உள்ள திரும்புமே, கேங் கண்டன்சர். அதேதான்! கீழ அரை வட்டமா ஒரு தகடு, அது அசையாது. மேல அரை வட்டமா இன்னொரு தகடு, அது தண்டோட சேர்ந்து திரும்பும். ரெண்டும் தொடாது. நடுவுல காத்து மட்டும்."

"ரேடியோ எனக்குப் புரியாதுக்கா. பசி வேற."

"சரி, ஒரு பரோட்டாவை ரெண்டா வெட்டி, ஒரு பாதி மேல இன்னொரு பாதியை வை. மேல இருக்கிறதைத் திருப்புனா கீழ இருக்கிறது கொஞ்சம் தெரியும், கொஞ்சம் மறையும். எவ்வளவு மறையுதோ அந்த அளவுக்கு ரெண்டு தகடும் தங்களுக்குள்ள மின்சாரத்தைச் சேத்து வெச்சுக்கும். அதிகம் மூடுனா அதிகம், கொறைச்சு மூடுனா கொறைச்சல். அதை அளந்து டிகிரியா மாத்திக் காட்டுது. மேக்னெட்டுக்கு மயங்குற மீட்டரும் உலகத்துல உண்டு. இது அந்தச் சாதி இல்ல."

"அப்ப கேஸ் முடியல."

"ஒரு திருடன் கெடைச்சான், ஆனா திருட்டு அவன் செய்யல. அன்னிக்கு ஏதோ ஒண்ணு மீட்டரைக் கெடுத்துருக்கு. இன்னிக்கு அது இல்ல. யாரும் வந்து எடுத்த மாதிரியும் தெரியல, தானாப் போயிருக்கு. என்னது?"

"மாப்பிள்ளையோட மானம்."

வைஜெயந்தி சுதாகர் பக்கம் திரும்பினாள். "சுதாகர், இந்த மூடியை யார் தொறந்தது?"

"ராஜவேல் அண்ணன்தான். முட்டுன உடனே பயணிகளை இறக்கிட்டு இங்கதான் ஓடி வந்தாரு. நாலு ஸ்குரூவையும் கழட்டிட்டு உள்ள பார்த்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு அக்கா. அரை மணி நேரம். அப்பறம் எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரு. மூடவும் இல்ல. நானும் பயந்துக்கிட்டு இந்தப் பக்கமே வரல. ரெண்டு நாள் கழிச்சு மெக்கானிக் வந்து பார்த்துட்டு, மீட்டர் சரியாத்தான் இருக்கு, பக்கா டீக் ஹைன்னுட்டாரு."

"ரெண்டு நாள் நல்ல வெயிலு, இல்ல?"

"ஆமா அக்கா."

முத்துமணி பெட்டிக்குள் தலையை நீட்டினான். கீழ்த்தகட்டில், மேல்தகடு மூடாத ஓரத்தில், காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் கடுகளவு குங்குமம். அவன் அதைப் பார்த்தான், விட்டுவிட்டான். படகு பூராவும் இருப்பதுதானே. தலையை வெளியே இழுத்தபோது வைஜெயந்தி தன் பையிலிருந்த காகித மடிப்பைத் திறந்து, மேஜையில் கிடைத்த துணுக்கை மறுபடி மோந்துகொண்டிருந்தாள்.

"பச்சைக்கற்பூரம் கலந்திருக்கு" என்றாள் தனக்குள். "கடைப் பொடியில இந்த வாசனை வராது."

அவள் குரலில் வெற்றி இல்லை. அதுதான் முத்துமணிக்கு உதைத்தது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே விசாரணை அதிகாரி உமா மகேஸ்வரி வந்துவிட்டார். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் குடை, முகத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட கடுப்பு. வெள்ளைச் சட்டையில் ஜெகநாதன் நின்றார். தலை குனிந்து ராஜவேல் நின்றான். நல்ல உயரம், ஆனால் அன்றைக்குப் பாதிதான் தெரிந்தது. கவிப்ரியா நிற்கவில்லை, மேல்தளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"குடிச்சிருந்தான் மேடம், சந்தேகமே இல்ல" என்று ஜெகநாதன் ஆரம்பித்தார். "நேரா இருக்கிற ஜெட்டி. அது எங்கயும் நகரல. இவன்தான் போயி முட்டியிருக்கான்."

"மேடம்," என்றாள் வைஜெயந்தி, "அன்னிக்கு இந்தப் போட்டுல சுக்கான் மீட்டர் பொய் சொல்லுச்சு. என் கணக்குல, பதினெட்டு டிகிரி திரும்புனதை முப்பதுன்னு காட்டிருக்கு. இவர் முப்பதுன்னு நம்பிக் காத்திருந்தார். போட்டு பாதிதான் திரும்புச்சு. அதுக்குக் காரணம், அந்தப் பெட்டிக்குள்ள இருந்த..."

"நான் குடிச்சிருந்தேன்!"

கத்தியது ராஜவேல். ஆறு நாள் வாய் திறக்காதவன்.

உமா மகேஸ்வரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "குடிச்சிருந்தீங்களா?"

"ஆமா மேடம். நிறைய. லைசென்ஸை எடுத்துக்குங்க. இவங்க சொல்றதைக் கேக்காதீங்க."

"என்ன குடிச்சீங்க?"

ராஜவேல் கடலைப் பார்த்தான். உதவி வரவில்லை. "அது... கருப்பா இருக்குமே மேடம்."

"காப்பியாண்ணே?" என்றான் முத்துமணி.

"இல்ல! சரக்கு. பாட்டில்ல வருமே."

"எவ்வளவு?"

"ரெண்டு லிட்டர்."

ஜெகநாதனே அசந்துவிட்டார். "காலைல ஏழு மணிக்கா?"

"வெறும் வயித்துல" என்றான் ராஜவேல், நம்பிக்கை வருவதற்காக.

"ரெண்டு லிட்டர் குடிச்சவரு ஜெட்டி வரைக்கும் வந்ததே உலக சாதனை மேடம்" என்றான் முத்துமணி. "இவருக்கு லைசென்ஸ் மட்டும் பத்தாது, ஒரு கோப்பையும் குடுக்கணும்."

அதிகாரி ஃபைலை மூடினார். "இவர் வாழ்க்கைல பாட்டிலைத் தொட்டதில்லைன்னு தெரியுது. எதையோ மறைக்கிறார். நீங்க சொல்லுங்கம்மா, பெட்டிக்குள்ள என்ன?"

வைஜெயந்தி ராஜவேலைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"காட்டிடறேன் மேடம். நீங்க மேல மீட்டர்கிட்ட நில்லுங்க. முத்து சக்கரம் பிடிப்பான். கீழ பாகைமானியோட சுதாகர்."

பதினெட்டு டிகிரி. மீட்டரும் பதினெட்டு. அதிகாரி தலையாட்டினார். சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, வைஜெயந்தி பள்ளத்தில் இறங்கினாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் நாலு சொட்டு எடுத்து, காய்ந்த சந்தனப் பொட்டின் மேல் விட்டு, தீக்குச்சியால் குழைத்தாள். பச்சைக்கற்பூர வாசனை மேல்தளம் வரைக்கும் வந்தது.

"இப்பத் திருப்பு முத்து!"

முத்துமணி திருப்பினான். மீட்டரில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென்று துள்ளியது.

"பதினெட்டு அக்கா!" கீழிருந்து சுதாகர் கத்தினான்.

முத்துமணி மீட்டரைப் பார்த்தான். அதிகாரி மீட்டரைப் பார்த்தார். முப்பது.

"சந்தனமா?" என்றார் உமா மகேஸ்வரி.

"சந்தனம் பாவம் மேடம், அதுல இருக்கிற ஈரம். ரெண்டு தகட்டுக்கும் நடுவுல காத்துதான் இருக்கணும். அங்க ஈரம் போய் உக்காந்தா, தகடு இன்னும் அதிகமா மூடியிருக்குன்னு மீட்டர் நெனச்சுக்கும். போட்டு கட்டிக்கெடக்கும்போது கீழ்த்தகட்டுல பாதிதான் வெளிய தெரியும், பொட்டு வெக்கிறவங்க அந்த இடத்துலதானே வெக்க முடியும்? இடது பக்கம் திருப்புனா மேல்தகடு விலகிப் போயிடும், தப்பே வராது. நல்லா வலது பக்கம் திருப்புனாத்தான் அந்தத் தகடு பொட்டு மேல வரும். கடல்ல அவ்வளவு திருப்புற வேலையில்ல. ஜெட்டிக்கு வரும்போதுதான் வேணும். மூடியை இவர் தொறந்து போட்டதுல ரெண்டு நாள் வெயிலுக்குச் சந்தனம் காஞ்சிடுச்சு. மெக்கானிக் வந்தப்ப மீட்டர் யோக்கியனாயிடுச்சு. படகு பூரா சந்தனம் இருந்ததால இந்த ஒரு பொட்டை யாரும் பொட்டாவே பாக்கல. யாரோ ஒரு பக்தர் வேணும்னு செய்யாம..."

"எங்க? காட்டுங்க!"

கவிப்ரியா பலகையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். அவள் முகம் குத்துவிளக்கு மாதிரி ஆனது.

"அய்யோ, இது நான் வெச்ச பொட்டு! பூஜை அன்னிக்கு எல்லாரும் சுண்டல் சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப, நானே இறங்கி நாலு ஸ்குரூவையும் கழட்டி வெச்சேன்! எல்லாரும் மெஷினுக்கு வெளிய வெப்பாங்க, ரெண்டு நாள்ல அழிஞ்சுடும். உள்ள வெச்சாத்தானே நிக்கும்? எங்க வீட்டுல ரிமோட்டுக்கு, மிக்ஸிக்கு, போனுக்கு எல்லாத்துக்கும் உள்ளதான். பாத்தீங்களா மேடம், அந்தப் பொட்டு இருந்ததாலதான் ஒரு உசுருக்கும் ஆபத்து இல்லாம..."

கவிப்ரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வைஜெயந்தி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். முத்துமணிகூட வானத்தைப் பார்த்தான். கடைசியில் அவள் பார்வை ராஜவேலிடம் வந்து நின்றது. அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதாலயா?" என்றாள். குரல் இருந்த இடம் தெரியவில்லை. "இதாலதான் முட்டுச்சா?"

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு நாளாக அந்தக் கைக்கு என்னென்ன சாபம் விட்டாள் என்று கணக்கெடுக்கிறாள் என்பது முத்துமணிக்குப் புரிந்தது.

"கல்லு ஆகாது தங்கச்சி" என்றான் மெதுவாக. "விவரம் தெரியாம விட்ட சாபம் செல்லாது."

உமா மகேஸ்வரி ராஜவேல் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும் மேடம். மூடியைத் தொறந்ததுமே தெரிஞ்சுடுச்சு. இவ ஒருத்திதான் உள்ள வெப்பா."

"துடைச்சுப் போட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே?"

"சாமிக்கு வெச்சது மேடம். நம்ம இஷ்டத்துக்குத் துடைச்சுப் போட முடியுமா?"

"சொல்லியிருந்தா லைசென்ஸ் தப்பிச்சிருக்கும்."

"எம் பொண்டாட்டியாலதான் மாப்பிள்ளை கடல்ல விழுந்தாருன்னு சொல்லச் சொல்றீங்களா? எங்க ஊரு புரோத்ராபூர் பஸ்ஸுல இவ எப்படிப் போவா? எனக்குக் குடிகாரன்னு பேரு வந்தா ஊரு சிரிச்சுட்டுப் போயிடும். ஊருல பாதி பேருக்கு அந்தப் பேரு இருக்கு."

கவிப்ரியா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஆறு நாளா என்னைச் சாபம் விட விட்டுட்டு, செவுத்தப் பார்த்துப் படுத்திருந்தியாய்யா நீ!"

"நடுவுல நிறுத்த நெனச்சேன். நீ மூச்சு விடவே இல்ல."

ஜெகநாதன் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் சரி மேடம். இருந்தாலும் இந்த ஆளை நம்பி இனிமே..."

"மாமா," என்று பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சுதாகர் கையில் காந்தத்தோடு ஏறி வந்தான். "நானும் ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். ஜெகநாதன் வாங்கிக்கொண்டார். மருமகன் இத்தனை பேர் எதிரில் இல்லாமல் வீட்டில் சொல்லியிருக்கலாம் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"அடியில மேக்னெட்டு, உள்ள சந்தனம்" என்றார் உமா மகேஸ்வரி. "கெடுக்க நெனச்சவனால முடியல. வாழ்த்த நெனச்சவங்க முடிச்சுட்டாங்க. என் ஃபைல்ல இதுக்கு எந்தக் கட்டமும் இல்ல." பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "மீட்டர் சரியாயிடுச்சான்னு நான் பார்க்கணும். இவர் கை சரியா இருக்கான்னும் பார்க்கணும். ராஜவேல், பெட்டியைச் சுத்தம் பண்ணிட்டு எடுங்க. ஒரு சுத்து போயி இதே ஜெட்டிக்கு வலது பக்கம் திருப்பிக் கொண்டுவாங்க. ஒழுங்கா நிறுத்துனா லைசென்ஸ் உங்க கையில. முட்டுனா, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பெட்டியைத் துடைக்க யாரும் முன்வரவில்லை. கவிப்ரியாவே இறங்கினாள். முந்தானையால் பொட்டை ஒற்றி எடுத்து, நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

படகு கிளம்பியது. பின்னால் சுதாகர் பாகைமானியோடு. சக்கரத்துக்குப் பக்கத்தில் அதிகாரி. வைஜெயந்தியும் முத்துமணியும் கவிப்ரியாவும் ஜெட்டியில் இறங்கி நின்றார்கள். விஷயம் அதற்குள் பரவி, தூண்டில்காரர்கள், சுற்றுலாப் பயணிகள், ஆட்டோக்காரர்கள் என்று நாற்பது பேர் கூடிவிட்டார்கள். எல்லார் கையிலும் போன், படம் பிடிக்கத் தயாராக.

நீலவேணி தூரத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டு, மூக்கை நேராக ஜெட்டியைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தது. வந்தது. இன்னும் வந்தது. வலது பக்கம் திரும்புவதாகவே தெரியவில்லை.

"அரே, பாகோ!" என்று யாரோ கத்த, நாற்பது பேரும் ஒரே ஓட்டமாகப் பின்னால் ஓடினார்கள். முத்துமணி எல்லோருக்கும் முன்னால் ஓடினான். ஒரு மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

ஜெட்டியின் விளிம்பில் கவிப்ரியா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அரிசிக்கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது!" சுதாகரின் குரல் தண்ணீர் மேல் வந்தது.

"முப்பது!" என்றது அதிகாரியின் குரல்.

படகு திரும்பியது. சொன்ன பேச்சைக் கேட்கிற பசு மாதிரி, உடம்பு முழுவதையும் வளைத்துக்கொண்டு திரும்பி, எஞ்சின் சத்தம் அடங்கி, பக்கவாட்டில் நழுவி வந்து, ஜெட்டியின் டயர்களைத் தொட்டும் தொடாமலும் நின்றது. உமா மகேஸ்வரி எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. நின்றபடியே ஃபைலைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் புத்தகத்தை ராஜவேலிடம் நீட்டினார்.

ராஜவேல் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துண்டுக் கடல்.

"ஏன்டி நகரல?"

"எதுக்கு நகரணும்?" என்றாள் கவிப்ரியா. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இடைவெளியை எட்டிப் பார்த்தாள். "ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருக்க. இன்னும் கிட்டக்கக் கொண்டாந்திருக்கலாம்."